பட்டை நழுவல்

காலை 9.12க்குச் சென்னியப்பன் அண்ணனின் எண் சிவப்பானது. 204/126.

அவர் என் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருந்தார். ஒரு கையில் டீ, மறு கையில் டிரிப் ஷீட். கிளீனர் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். 204இல் இருப்பவர் அப்படிச் சிரிக்க மாட்டார்.

நாமக்கல்லில் ஓர் எரிவாயு டேங்கர் கம்பெனியின் அழுத்த அறையில் எனக்கு வேலை. எட்டுக்குப் பத்து அடி. ஒரு மேஜை, மூன்று திரைகள். நூற்று நாற்பது டிரைவர்களின் ரத்த அழுத்தம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தத் திரைகளுக்கு வரும். மலைப்பாதையில் ஒரு டிரைவர் ஸ்டியரிங்கிலேயே மயங்கி, டேங்கர் கவிழ்ந்து, ஓர் ஊரின் பாதி எரிந்த பிறகு வந்த சட்டம் இது. அபாயச் சரக்கு ஓட்டும் எல்லோரும் மணிக்கட்டில் பட்டை கட்ட வேண்டும். மூன்று மணி நேரச் சராசரி 150ஐத் தாண்டினால் வண்டி கிளம்பாது. மூன்று நாள் தொடர்ந்து தாண்டினால் லைசென்ஸ் நிறுத்தம். 200ஐத் தொட்டால், வண்டி எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும் ஓரம் கட்டச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

சில நேரம் பட்டை கையில் தளர்ந்து தவறான எண் வரும். அதற்காக என் திரையில் ஒரு பொத்தான் உண்டு. 'பட்டை நழுவல்.' அழுத்தினால் சிவப்பு அழிந்துவிடும். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதை ஒரு முறை அழுத்துவது என் வழக்கம். அன்றும் அழுத்தியிருந்தேன்.

ஜன்னலைத் தட்டினேன். "அண்ணா, உள்ள வாங்க."

டம்ளரோடு வந்தார். ஐம்பத்து மூன்று வயது. முப்பது வருடம் டேங்கர் ஓட்டியவர். பதினெட்டு டன் லோடு வாசலில் நின்றது. 9.30க்கு மதுரைப் பக்கம் கிளம்ப வேண்டும்.

"ஏனுங் சார், ஷீட்டுல எதாச்சும் உட்டுப் போச்சுங்களா?"

"உக்காருங்க. உங்க பிரசர் எறநூத்தி நாலு."

டம்ளர் மேஜையில் இறங்கியது. டீ சிந்தியது. அவர் மெல்ல உட்கார்ந்து, பிடரியில் கை வைத்தார்.

"அதானுங்க... காலைல இருந்தே பொடனியில ஒரு வலி. ராத்திரி வண்டிலயே படுத்தேன், அதான்னு நெனச்சேன்." நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "எறநூத்தி நாலுங்களா? என்ற அப்பனுக்கு நூத்தித் தொண்ணூறுலயே வாய் கோணிப் போச்சுங்க."

மூச்சை இழுத்து இழுத்து விட்டார். என் கண் முன்னால் அவர் நோயாளி ஆகிக்கொண்டிருந்தார்.

மேஜை இழுப்பறையில் ஒரு பழைய மிஷின் வைத்திருக்கிறேன். துணிச்சுற்று, ரப்பர் பம்ப், காதில் மாட்டும் குழாய். அவர் மேற்கையில் சுற்றினேன். அடித்து இறக்கினேன். 164/98. இரண்டு நிமிடம் விட்டு மறுபடியும். 162/98.

"நூத்தி அறுபத்திரண்டு," என்றேன்.

"பழைய மிஷினுங்களே சார்."

"பழசுக்கு உங்க பேரு தெரியாதுண்ணா. கையை மட்டுந்தான் பாக்கும்."

அவர் முகம் தெளிந்தது. அடுத்த நொடி வேறு விதமாக வெளுத்தது. இடது கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டார்.

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். இன்னும் மூன்று பெயர்கள் சிவப்பாகியிருந்தன. தியாகு நெல்லூர் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருவர் கொச்சி. ஒருவர் மங்களூரிலிருந்து ஏறிவரும் வழியில். நான்கு பேருக்கும் 204/126. நான்கு பேருக்கும் நாடி 98. நாடிக் கோட்டை விரித்தேன். ஐந்தாவது நொடியில் ஒரு துடிப்பு தவறியிருந்தது. நான்கு கோட்டிலும் அதே ஐந்தாவது நொடி.

"நாலு மாநிலத்துல நாலு பேரு. நாலு பேருக்கும் ஒரே துடிப்பு," என்றேன். "உங்க கைல இருக்கறது காலிக் கூடு. பட்டை வேற ஒருத்தர் கைல இருக்குது. நாலு பட்டையும் ஒரே ஆள்கிட்ட."

"எனக்கொன்னும் தெரியாதுங்க."

"யாருண்ணா அது?"

"மிஷினு கோளாறுங்க சார். வண்டிக்கு நேரமாச்சு."

எழுந்தார். நான் கதவைச் சாத்தினேன். 9.18. சட்டப்படி மூன்று வண்டிகளுக்கும் ஓரம் கட்டும் உத்தரவு அனுப்பினேன். நான்காவது வண்டி கிளம்பாதபடி பூட்டினேன்.

உடனே போன் அடித்தது. போக்குவரத்து மேனேஜர் மயில்சாமி.

"என்னப்பா யுகேந்திரா, நாலு லோடு நகராம நிக்குது?"

"எறநூறைத் தாண்டிருச்சுங்க சார்."

"நாலு பேருக்கும் ஒரே எண்ணு. நானும் இங்க பாத்துட்டுத்தான் இருக்கறேன். மனுசனுக்கு அப்புடி வருமா? கோளாறு. நழுவல்னு போட்டு உடு."

"பாக்கறேன் சார்."

"பாக்கறதுக்கு என்ன இருக்குது? ஒரு அமுக்கு." வைத்துவிட்டார்.

போனில் வந்தது சென்னியப்பன் அண்ணனுக்கும் கேட்டிருந்தது. அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரே சொல்லிட்டாருல்லங்க," என்றார் தணிந்த குரலில்.

"அமுக்கினா நாலு வண்டியும் கிளம்பிரும். அந்த ஆளு?"

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எறநூத்தி நாலுண்ணா. உங்க அப்பாவுக்கு நூத்தித் தொண்ணூறு."

"இந்தப் பட்டை எங்க இருக்குதுன்னு உங்குளுக்கே காட்டாதுங்களா?"

"காட்டாது. டிரைவர் சங்கம் கேஸ் போட்டுச்சு. பிரசரை எடுத்துக்கலாம், ஆளு எங்க போறான் வர்றான்னு எடுக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல தீர்ப்பு."

"தெரியுமுங்க. அந்தக் கேசுக்கு ஊர் ஊராப் போயி ஆள் சேத்துனவனே நானுங்க." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

9.22. புதிய எண் வந்தது. 208/128.

அவர் கதவை ஒட்டி நின்றார். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நான்கு லைசென்ஸ் நிரந்தரமாகப் போகும். வழக்கு வரும். பட்டை கட்டிக்கொண்டவருக்கும் வரும். என்னை நம்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் பட்டை மாற்றிய இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்தேன்.

நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருந்தது.

"என் சம்சாரம் மிருதுளா தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. பாவம், பிரசவத்துல..."

"பிரசவத்துல இல்லண்ணா. இந்த ரூம்ல."

அவருக்குப் புரியவில்லை.

"இந்த நாற்காலில உக்கார்றவனும் பட்டை கட்டணும். நூத்தம்பதுக்குள்ள இருக்கணும். எனக்கு நூத்தி அறுபது. எங்கப்பா வழி. மாத்திரை சாப்பிட்டு இறக்க மூணு மாசம் ஆகும், வேலை நிக்காது. 'என் கை வீட்டுல சும்மாதான இருக்கு'ன்னு அவ வாங்கிக் கட்டிக்கிட்டா. அஞ்சு மாசம் என் பேருல நூத்திப்பத்து, எழுவது. மாதிரி ஊழியர்னு மாலை போட்டாங்க, நீங்க கைதட்டினீங்க."

"ஆமாங்க."

"அப்ப அவளுக்கு ஏழாம் மாசம். ஒரு நாள் காலைல என் பேருல நூத்தி அறுபத்தெட்டு வந்துச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஐயோ, எனக்கு ஏறிருச்சேன்னு நெனச்சேன். வேலை போயிரும்னு பயந்து நழுவல் போட்டேன். மத்தியானம் நூத்தி எம்பது. போட்டேன். நாலு மணிக்கு எறநூறு. போட்டுட்டு, மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்கினேன்."

"யாருங்க?"

"நான். எனக்குன்னு."

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"வீட்டுக்குப் போறப்ப கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. அவ செக்கப்புக்குப் போக வேண்டியது பதினாறாம் தேதி. அன்னைக்குத் தேதி ஒன்பதுதான்." நிறுத்தினேன். "இப்ப நீங்களும் பொடனியப் புடிச்சுக்கிட்டு உக்காந்தீங்க. உங்க பேருல வந்த எண்ணு. அதனால உங்களுக்கு வலிச்சுது. இது உங்க எண்ணு இல்லண்ணா. யாரோடது?"

அவர் உதடு இரண்டு முறை அசைந்தது.

"குணவதி," என்றார். "என்ற தங்கச்சி."

*

போன் போட்டார். பிஸி. மறுபடி போட்டார். பிஸி.

குணவதி புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் வேலை செய்பவர். முப்பத்தெட்டு வயது. பண்ணைக்காரர் நம்பர் அண்ணனிடம் இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அருகில் இருந்த வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருந்தது, அடுத்தது வர இருபத்தைந்து நிமிடம் என்றார்கள். என் ஸ்கூட்டரில் இருபது நிமிடம். கிளம்பினோம். அழுத்த அறையை விட்டு வேலை நேரத்தில் வெளியே போவதே குற்றம். அது அப்போது நினைவில் இல்லை.

என் போனை அவரிடம் கொடுத்தேன். அதிலும் எண்கள் வரும். பின்னால் உட்கார்ந்து அவர் சத்தமாகப் படித்தார்.

"எறநூத்திப் பன்னெண்டுங்க."

பைபாஸில் ஏறினேன்.

"மொதல்ல என்றது ஒன்னுதானுங்க கட்டுனா," என்றார் என் காதருகில். "எனக்கு ரெண்டு நாளா வண்டி கிளம்பல. 'குடுண்ணா, நான் கட்டிக்கறேன்'னா. அப்பறம் தியாகு கேட்டான். ஒவ்வொருத்தனாக் கேட்டாங்க. எங்குளுக்குள்ள கைமாத்துன்னு சொல்லுவோமுங்க. வலது மணிக்கட்டுல ரெண்டு, இடதுல ஒன்னு, கால்ல ஒன்னு. நாலு பேரு பொழப்பு ஓடுதுல்ல, எனக்கென்ன வலிக்குதான்னு சொல்லுவா."

"அவங்களுக்குப் பிரசர் பாத்திருக்கீங்களா?"

"அவளுக்கா? அவ கோவப்பட்டே நான் பாத்ததில்லீங்க. புருசன் உட்டுட்டுப் போன அன்னைக்கும் நேரத்துக்கு வேலைக்குப் போனவ. அவளுக்கெல்லாம் பிரசரு வருமுன்னு..." நிறுத்தினார். "நாலு மாசமாக் கழுத்து வலின்னு மாத்திரை தின்னுட்டிருந்தா. குனிஞ்சே உக்கார்றதுல வர்றதுன்னு உட்டுட்டோம்."

எருமை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. பிரேக் பிடித்தேன். ஸ்கூட்டர் வழுக்கி நின்றது. அவர் போனை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"போங்க சார், போங்க."

மறுபடி போன் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை.

பிறகு அவர் குரல் மாறியது. "சார்... தியாகு கோடு நின்னுருச்சு."

"நின்னுருச்சுன்னா?"

"கோடே இல்லீங்க. நேரா இருக்குது."

என் கை ஆக்ஸிலேட்டரில் இருந்தது. முறுக்கினேன்.

"மத்த மூணு?"

"இருக்குதுங்க. எறநூத்திப் பதினாறு."

ஒரு நிமிடம். இரண்டு.

"இன்னொன்னும் போச்சுங்க சார்! கொச்சிக்காரனோடது!"

"அண்ணா, பயப்படாதீங்க. இதயம் தவணை தவணையா நிக்காது. யாரோ கழட்டுறாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. நான் ஓரம் கட்டச் சொன்ன மூன்று பேரும் ரோட்டோரத்தில் நின்று முதலில் யாருக்குப் போன் செய்திருப்பார்கள்? போன் பிஸியாக இருந்தது அதனால்தான். கழட்டிவிடு, எங்கள் லைசென்ஸ் போய்விடும் என்று சொல்லியிருப்பார்கள். மண்டை பிளக்கிற நேரத்தில் குணவதி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழட்டிக்கொண்டிருக்கிறார்.

"மூணாவதும் போச்சு," என்றார் அண்ணன். "என்றது மட்டும் இருக்குது. ஒன்னே ஒன்னு. அது நிக்கலீங்க. ஏன் நிக்கல? ஏன் சார் அத மட்டும் கழட்டல?"

எனக்குத் தெரிந்திருந்தது. வேகத்தைக் கூட்டினேன்.

*

பண்ணையின் முட்டை அறை நீளமான ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் மேஜையின் இரு பக்கமும் நின்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஓடிவந்த வேகத்தில் ஒருத்தி கையிலிருந்த முட்டையைத் தவறவிட்டாள்.

"குணா எங்க?"

"தலவலின்னு அக்கட்டால போயி உக்காந்திருக்குதுங்க. சித்தெ நேரம் படுக்கட்டும்னு உட்டுட்டோம்."

மூலையில் அட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அருகில் வாந்தி. மடியில் ஒரு காலி முட்டை அட்டை. அதன் மூன்று குழிகளில் மூன்று பட்டைகள். உடையக் கூடாத பொருளை வைப்பது போல வைத்திருந்தார். இடது மணிக்கட்டில் நான்காவது.

அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது.

"தியாகு போன் பண்ணுனான்ணா." சொற்கள் குழைந்து வந்தன. "கழட்டச் சொன்னான். மூணு கழட்டிட்டேன். உன்றது மட்டும் வரமாட்டேங்குது. இந்தக் கை... சொன்ன பேச்சு கேக்கல."

வலது கை தரையில் கிடந்தது. வேறு யாருடைய கையோ போல.

"உன்ற லைசென்சு போயிரும்ணா. நீயாச்சும் கழட்டு."

"லைசென்சு கெடக்குது சாமி," என்றார் அவர். மண்டியிட்டு உட்கார்ந்து தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "லைசென்சு கெடக்குது."

பட்டையை அவர் கழட்டப் போனார். நான் தடுத்தேன். "இருக்கட்டும்ணா. டாக்டர் பாக்கணும்."

220/132. வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

*

மூளையில் சிறு கசிவு என்றார் டாக்டர். அந்தப் பெண் டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். பதற்றமில்லாமல் பேசினார்.

"நேரத்தோட கொண்டு வந்துட்டீங்க. இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருந்தா நான் வேற பேச்சு பேசியிருப்பேன். பிரசரைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கறோம். பேச்சு வந்துரும். கை வர்றதுக்கு நாளாகும், வரும்னுதான் நெனைக்கறேன். வலி மாத்திரை தினமும் சாப்பிட்டாங்களா?"

"ஆமாங்க. கழுத்துக்கு," என்றார் அண்ணன்.

"அதுவே ஏத்திவிடும். இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. மாசக்கணக்கா ஏறியிருக்கு. வெளிய ஒன்னும் காட்டாது. கடைசியா இவங்களுக்குப் பிரசர் எப்பப் பாத்தீங்க?"

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"பத்து நிமிசத்துக்கு ஒருக்காப் பாத்தோமுங்க," என்றார். "இவளுக்குன்னு பாக்கல."

டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டார். அவர் உள்ளே போய்விட்டார்.

நடைபாதையில் இரும்பு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்து போனில் பழைய பதிவுகளை எடுத்தேன். சென்னியப்பன், பதினொரு மாதம். 112. அடுத்த மாதம் 117. 121. 126. 133. 139. நேற்று 148. தியாகுவின் பெயரிலும் அதே. மற்ற இருவருக்கும் அதே. எல்லாம் பச்சை. ஏறிக்கொண்டே போன ஒரு கோட்டை நான் ஒவ்வொரு நாளும் நான்கு முறை பார்த்திருக்கிறேன். 150க்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

மயில்சாமி பதினோரு முறை அழைத்திருந்தார். எடுக்கவில்லை. அறிக்கைப் படிவத்தைத் திறந்தேன். நான்கு சிவப்பு எண்களுக்கும் காரணம் கேட்டது. முதல் தேர்வு 'பட்டை நழுவல்'. இரண்டாவது 'டிரைவர் உடல்நலக் குறைவு'. மூன்றாவது 'பிற'. மூன்றாவதில் எழுதினேன்.

*பட்டைகள் நான்கு. ஆள் ஒருவர். பெயர் குணவதி. வயது 38.*

அண்ணன் அருகில் வந்து உட்கார்ந்து படித்தார்.

"என்ற பேரையும் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேண்ணா. நாலு பேரையும்."

"சரிங்க." கைலியால் முகத்தைத் துடைத்தார். "எழுதாம உட்டா அடுத்த வாரம் வேற ஒருத்தி கையில கட்டுவானுங்க. நானே கட்டுனாலும் கட்டுவேன். எழுதுனதுதான் செரி."

அனுப்பினேன்.

அப்போது என் மணிக்கட்டு அதிர்ந்தது. போனில் ஒரு கட்டம் விழுந்தது. *யுகேந்திரன். 178/114. பட்டை நழுவலா?* பெரிய எழுத்தில் 'ஆம்'.

என் கட்டைவிரல் தானாக அங்கே போனது. பழக்கம்.

அவர் பார்த்துவிட்டார்.

"இது எத்தன நாளாங்க வருது?"

"பதினாலு மாசம்."

"தெனமுமா?"

"தினமும் காலைல. அமுக்கினா அன்னைக்கு முழுக்க வராது. இன்னைக்கு ரொம்ப நேரமா என் திரையத் தொடாததால மறுபடி கேக்குது."

அவர் முகம் இறுகியது. நெருங்கி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "இது யாரு கையிலங்க இருக்குது? சொல்லுங்க. ஆரு கட்டியிருக்காங்க? அங்கயும் போவோம், எந்திரிங்க."

"யாரும் இல்லண்ணா."

"மறைக்காதீங்க சார். ஒரு உசுரு."

என் இடது கையைப் பிடித்துச் சட்டையை மேலே ஏற்றினார். பட்டை இருந்தது. காலிக் கூடு இல்லை. பச்சை விளக்கு மினுக்கியது. ஆஸ்பத்திரியில் மிருதுளாவின் வளையல்களோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்த அதே பட்டை. அன்று மாலை நான் அதைக் கட்டிக்கொண்டேன். கழட்டவில்லை. மாத்திரை வாங்கவும் இல்லை. அவளுக்கு வந்த எண்ணை நான் அழித்தேன். எனக்கு வந்ததையும் அழித்தேன். வேறொன்றும் யோசித்துச் செய்யவில்லை.

அவர் பட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். என் கையை விடவில்லை.

"தம்பி," என்றார். அதுவரை சார் என்றே கூப்பிட்டவர்.

'ஆம்' என்பதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'இல்லை' என்று இருந்தது. பதினான்கு மாதமாக அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அழுத்தினேன். திரை சிவப்பாக நின்றது. நாளை என் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்வார்கள்.

புறநோயாளிகள் பிரிவில் பிரசர் பார்க்கிற மேஜை முன்னால் வரிசை இருந்தது. ஆறு பேர். ஏழாவதாக நின்றேன். அண்ணன் எட்டாவதாக நின்றார்.

எங்கள் முறை வந்தபோது நர்ஸ் துணிச்சுற்றை விரித்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"யாருக்குப் பாக்கணும்?"

"எனக்கு," என்றேன்.